எழுவர் இட்ட வித்து

திருவிழா நாளில் தேர் நிலையை விட்டுப் பெயர்கின்றது. வடத்தைப் பற்றி இழுப்போர் பலர். பின்னின்று நெம்புகோலால் உந்துவோர் சிலர். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டுத் தேரின் போக்கைத் திருத்துவோர் வேறு சிலர். தெரு நேராக இருக்கும்போது வடம் பிடிப்போரின் வலிமையே முதன்மையாக நிற்கின்றது. தெருமுனையில் தேர் திரும்பும்போதோ, கட்டை இடுவோரின் சொல்லுக்கு எல்லாரும் செவிசாய்க்கின்றனர். எப்பொழுது எவருடைய திறம் வேண்டப்படுகின்றதோ, அப்பொழுது அவரே தலைவர். அப்பணி முடிந்ததும் அவரும் கூட்டத்தில் ஒருவர். ஊர் கூடி இழுத்தால் தேர் நகரும். தலைமையையும் பகிர்ந்துகொண்டால்தான் அது நிலைக்கு வந்து சேரும்.

தேர் ஆண்டுக்கு ஒரு முறை ஓடுவது. நாள்தோறும் நடைபெறும் தொழிலிலும் இம்முறை இயலுமா? பெரும்பாலான தொழிற்கூடங்களில் ஒருவர் ஆணையிடுகின்றார், மற்றவர் கீழ்ப்படிகின்றனர். முதல் இட்டவருக்கு ஊதியமும் உரிமையும் சேர்கின்றன. உழைத்தவருக்குக் கூலி மட்டும் கிடைக்கின்றது. தலைமை என்பது ஒருவரிடம் மட்டுமே இருக்கத்தக்கது என்றும், பலரிடம் அதனைக் கொடுத்தால் தொழில் கெடும் என்றும் கூறுவார் உளர். அக்கூற்று முற்றிலும் மெய்யன்று என்பதை மும்பை நகரத்துப் பெண்கள் சிலர் தம் செயலால் காட்டினர். அவர்கள் கையாண்ட கருவிகள் அப்பளப் பலகையும் குழவியுமே.

மாடியில் பிறந்த தொழில்

மும்பையில் கிர்காம் என்பது மக்கள் நெருங்கி வாழும் பகுதி. அங்குள்ள ஒரு குடியிருப்பில் வாழ்ந்த குசராத்திப் பெண்கள் எழுவர், 1959ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், தம் வீட்டின் மொட்டைமாடியில் ஒன்றுகூடினர். அவர்களுள் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் என்பவர். எழுவரும் உயர்கல்வி பெற்றவர் அல்லர்; செல்வம் படைத்தவரும் அல்லர். குடும்ப வருவாய்க்குத் தாமும் துணைசெய்ய வேண்டும் என்ற விருப்பம் அவர்களுக்கு இருந்தது. ஆயினும் வீட்டை விட்டு வெளியே சென்று பணிபுரியும் வாய்ப்பு இல்லை. அடுக்களையில் பழகிய கைத்திறன் ஒன்றே அவர்களிடம் இருந்த முதல்.

அத்திறனைத் தொழிலாக்கப் பணம் வேண்டுமன்றோ? இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டர் 80 ரூபாய் கடனாக அளித்தார். அப்பணத்தைக் கொண்டு உளுத்தம் மாவும் பிற பொருள்களும் வாங்கினர். ஒருவர் மாவைப் பிசைந்தார், சிலர் உருட்டினர், சிலர் அப்பளமாக இட்டனர், மற்றவர் வெயிலில் உலர்த்தினர். முதல் நாளில் அவர்கள் ஆக்கியவை நான்கு பொட்டலங்கள். அவற்றைப் புலேஷ்வர் கடைத்தெருவில் இருந்த வணிகர் ஒருவரிடம் விற்றனர்.

நான்கு பொட்டலங்கள் சிறியனவே. ஆயினும் அந்நாளிலேயே அவர்கள் மேற்கொண்ட உறுதி பெரியது. தொழிலில் இழப்பு நேர்ந்தாலும் பிறரிடம் நன்கொடை பெறுவதில்லை என்பதே அவ்வுறுதி. கடன் வாங்குபவர் அதனைத் திருப்பிக் கொடுத்ததும் தலைநிமிர்ந்து நிற்கலாம். நன்கொடை பெறுபவரோ கொடுத்தவரின் குறிப்பறிந்து நடக்க வேண்டியவராகின்றார். தமக்குத் தாமே தலைவராக இருக்க விரும்புவோர் தம் காலிலேயே நிற்க வேண்டும் என்பதை அப்பெண்கள் உணர்ந்திருந்தனர்.

பாரேக் அவர்களுக்குப் பணத்தினும் மதிப்பு வாய்ந்த இரண்டு அறிவுரைகளை வழங்கினார். தொடக்கத்தில் அவர்கள் உயர்ந்த வகை ஒன்றும் மலிவான வகை ஒன்றுமாக இருவகை அப்பளம் செய்ய எண்ணினர். 'ஒரே தரமான பொருளைச் செய்யுங்கள். அத்தரத்தை எக்காரணத்தாலும் குறைக்காதீர்கள்' என்பது அவர் கூறிய முதல் அறிவுரையின் கருத்து. கணக்கை ஒழுங்காக எழுதிவர வேண்டும் என்பது இரண்டாவது. பின்னாளில் பெருமரமாக வளர்ந்த அமைப்பிற்கு இவ்விரண்டும் ஆணிவேர்களாக அமைந்தன.

மழையும் இடநெருக்கடியும்

செய்தி பரவியது, அண்டை வீட்டுப் பெண்களும் வந்து சேர்ந்தனர். மூன்று திங்களில் ஏறத்தாழ 25 பேர் அப்பளம் இட்டனர். முதல் ஆண்டில் நடந்த விற்பனை 6,196 ரூபாய். உடைந்த அப்பளங்களை விற்காமல் அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்து அளித்தனர்.

எனினும் இடையூறு இல்லாமல் இல்லை. மும்பையில் பருவமழை கடுமையானது. வெயில் இல்லாமையால் அப்பளம் உலரவில்லை. முதல் ஆண்டில் நான்கு திங்கள் தொழில் நின்றுபோயிற்று. இயந்திரம் வாங்கும் அளவிற்குப் பணம் இல்லை. ஆகவே அடுத்த ஆண்டில் ஒரு கட்டிலையும் ஓர் அடுப்பையும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளங்களைப் பரப்பி, அதன் கீழே அடுப்பை வைத்தனர். மழைக்காலத்திலும் அப்பளம் உலர்ந்தது. நாள்தோறும் அப்பளத்தைக் கையாண்டு அதன் இயல்பை அறிந்தவர்கள் கண்ட எளிய வழி இது. தொழிலின் இடர்ப்பாட்டை அத்தொழிலைச் செய்வோரே நன்கு அறிவர். அவர்களுக்கு எண்ணவும் முடிவுசெய்யவும் உரிமை இருந்தால், தீர்க்கும் வழியும் அவர்களிடமிருந்தே பிறக்கும்.

மூன்றாம் ஆண்டின் முடிவில் உறுப்பினர் தொகை 300-ஐக் கடந்தது. இப்பொழுது மாடியில் இடம் போதவில்லை. இத்தனை பேரும் அமர்வதற்குப் பெரிய கூடம் கட்டுவது இயலாத செயல். எனவே ஒரு புதிய முறை தோன்றியது. மாவைப் பொது இடத்தில் பிசைந்து, அதனை உறுப்பினர்க்குப் பகிர்ந்து கொடுத்தனர். அவர்கள் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று, அப்பளமாக இட்டு உலர்த்தி, மீண்டும் கொண்டுவந்து தந்தனர். அங்கே அவை நிறுக்கப்பட்டுப் பொட்டலமாகக் கட்டப்பட்டன. கைக்குழந்தை உடைய தாயும், முதியோரைப் பேண வேண்டிய மருமகளும் வீட்டிலிருந்தே தொழில் செய்ய இம்முறை வழிவகுத்தது. இடநெருக்கடியால் முடங்கவேண்டிய தொழில், அவ்விடநெருக்கடியாலேயே நூற்றுக்கணக்கான வீடுகளில் பரவியது.

1962ஆம் ஆண்டில் தம் அப்பளத்திற்குப் பெயரிட விரும்பி ஒரு போட்டி வைத்தனர். பரிசு ஐந்து ரூபாய். அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெயரே 'லிஜ்ஜத்' என்பது. சுவை என்னும் பொருள் தருவது அச்சொல். அமைப்பு, 'ஸ்ரீ மகிளா கிருக உத்யோக் லிஜ்ஜத் பாபட்' என வழங்கலாயிற்று. மகளிர் வீட்டுத்தொழில் அமைப்பு என்பது அதன் கருத்து. 1962-63ஆம் ஆண்டில் விற்பனை ஏறத்தாழ 1,82,000 ரூபாயாக உயர்ந்தது. முதல் ஆண்டின் விற்பனையைப் போல் இஃது ஏறத்தாழ 29 மடங்காகும்.

எல்லா முயற்சியும் எடுத்த எடுப்பில் வெற்றி பெற்றுவிடவில்லை. 1961ஆம் ஆண்டில் மும்பையின் புறநகராகிய மலாடில் கிளை ஒன்று தொடங்க முயன்றனர், அது கைகூடவில்லை. அதனால் அவர்கள் சோர்ந்துவிடவும் இல்லை. 1966ஆம் ஆண்டில் அமைப்பு முறைப்படி பதிவுசெய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே கதர் கிராமத்தொழில் ஆணைக்குழுவின் ஏற்பையும் பெற்றது. 1968ஆம் ஆண்டில் குசராத்து மாநிலத்து வாலோடு என்னும் ஊரில் கிளை தோன்றியது. பின்னர்ப் பல மாநிலங்களுக்கும் கிளைகள் படர்ந்தன.

எல்லாரும் உடைமையாளர்

இவ்வமைப்பில் தொழிலாளி என்ற சொல்லுக்கு இடம் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் மற்றவரால் 'பென்' என்று அழைக்கப்படுகின்றனர். உடன்பிறந்தாள் என்பது அதன் பொருள். சாதி, சமய வேறுபாடு பாராது எந்தப் பெண்ணும் இதில் சேரலாம். பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும், அமைப்பின் நெறிகளை ஏற்று உறுதிமொழி அளித்தல் வேண்டும், உழைத்தல் வேண்டும். உழைக்காமல் பணம் மட்டும் இட்டு உறுப்பினராக இயலாது. கணக்கு எழுதுதல், வண்டி ஓட்டுதல் போன்ற பணிகளுக்கு ஆடவர் அமர்த்தப்படுவதுண்டு. அவர்கள் ஊதியம் பெறும் ஊழியரே அன்றி உறுப்பினர் ஆகார்.

உறுப்பினர்க்குக் கிடைக்கும் வருவாய் இருவகைப்படும். முதலாவது, அப்பளம் இட்டதற்கான கூலி. மிகுதியாக இட்டவர் மிகுதியாகப் பெறுகின்றார். இரண்டாவது, கிளைக்குக் கிடைத்த ஊதியத்தில் பங்கு. கிளையில் உள்ள எல்லா உறுப்பினருக்கும் இது சமமாகப் பகிரப்படுகின்றது. முன்னே சேர்ந்தவர், பின்னே சேர்ந்தவர் என்ற வேறுபாடு இல்லை. பொறுப்பில் இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாடும் இல்லை. கூலி உழைப்பின் அளவுக்கு ஏற்பவும், பங்கு உரிமையின் அளவுக்கு ஏற்பவும் வருகின்றன. உரிமை எல்லாருக்கும் ஒன்றே ஆதலின் பங்கும் ஒன்றே ஆயிற்று. இழப்பு வந்தாலும் அதனையும் எல்லாருமே தாங்க வேண்டும். இதனால் பக்கத்து வீட்டுப் பெண் நல்ல அப்பளம் இடுவதில் ஒவ்வொருவருக்கும் அக்கறை உண்டாகின்றது.

ஒவ்வொரு கிளைக்கும் 'சஞ்சாலிகா' என்னும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. நடத்துநர் என்பது இச்சொல்லின் பொருள். அவருக்குத் துணையாகச் சிறு குழு ஒன்று இயங்குகின்றது. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக 21 பேர் அடங்கிய மையக் குழு உள்ளது. தலைவியும் செயலாளரும் இக்குழுவைச் சேர்ந்தவரே. இவர்களுள் எவரும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர் அல்லர். அப்பளப் பலகையின் முன் அமர்ந்து பழகியவரே மேல் பொறுப்பிற்கு வருகின்றனர். உறுப்பினர்கள் விரும்பினால் பொறுப்பாளரை மாற்றவும் செய்யலாம். ஆகவே தலைமை என்பது இங்கே ஒருவருக்கு உரிய உடைமை அன்று. பலர் நம்பிக்கையோடு ஒருவரிடம் ஒப்படைத்த பொறுப்பாகும்.

பொது ஒழுங்கு

ஆயிரக்கணக்கான வீடுகளில் ஆயிரக்கணக்கான கைகள் அப்பளம் இடுகின்றன. அவை யாவும் ஒரே சுவையும் ஒரே கனமும் உடையனவாக இருப்பது எங்ஙனம்? தலைமையைப் பகிர்ந்தவர்கள் ஒழுங்கை விட்டுவிடவில்லை என்பதே இவ்வினாவிற்கு விடை.

உளுந்து, மிளகு, பெருங்காயம் முதலிய பொருள்களை மைய அலுவலகமே வாங்கிக் கிளைகளுக்கு அனுப்புகின்றது. கிளையில் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடுகின்றது. குறித்த அளவுப்படி மாவு பிசையப்படுகின்றது. உறுப்பினர்கள் முந்திய நாள் இட்ட அப்பளங்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கின்றனர். அவற்றின் எடையும் தரமும் ஆராயப்படுகின்றன. குறையுடையவை ஒதுக்கப்படுகின்றன. கூலியைப் பெற்றுக்கொண்டு, அன்றைக்குரிய மாவுடன் அவர்கள் வீடு திரும்புகின்றனர். அப்பளம் இடும் வீடு தூய்மையாக உள்ளதா என்று பார்த்துவரவும் உறுப்பினர் சிலர் செல்கின்றனர்.

இங்கே தரத்தை ஆராய்பவளும் ஒரு சகோதரி; ஆராயப்படுபவளும் ஒரு சகோதரி. இது எளிதான செயல் அன்று. முதலாளி ஒருவர் குறை கூறினால் அஞ்சிக் கேட்பார் உண்டு. தம்மோடு ஒத்தவர் குறை கூறினால் சினம் கொள்வாரே மிகுதி. 'நீயும் என்னைப் போன்றவள்தானே' என்ற எண்ணம் எழுதல் இயல்பு. அவ்வெண்ணத்தை வெல்வதற்கு இருவகைப் பண்பு வேண்டும். குறை கூறுபவர் ஆளைப் பாராமல் பொருளைப் பார்க்க வேண்டும். கேட்பவர் அதனைப் பழியாகக் கொள்ளாமல் பணியின் பகுதியாகக் கொள்ள வேண்டும். இவ்விரு பண்பும் இல்லாத இடத்தில் சமத்துவம் பேச்சளவில் நிற்கும். பொருளின் தரம் நாளுக்கு நாள் தாழும். ஆதலின் தலைமையைப் பகிர்ந்துகொள்வோர் கட்டுப்பாட்டையும் பகிர்ந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

கணக்கும் அவ்வாறே. எவ்வளவு மாவு வந்தது, எவ்வளவு அப்பளம் ஆயிற்று, எவ்வளவு விற்றது என்பவற்றை மறைத்து வைத்தால் ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்தால் ஒற்றுமை குலையும். தொடக்க நாளில் பாரேக் கணக்கை வலியுறுத்தியதன் நுட்பம் இதுவே. ஒருவர் உடைமையான கடையில் கணக்கு, வரவு செலவைக் காட்டுவது. பலர் உடைமையான தொழிலிலோ அது நம்பிக்கையையும் காப்பது.

ஐயமும் விடையும்

பலர் கூடி முடிவுசெய்தால் காலம் வீணாகாதா என்று சிலர் வினவுவர். இவ்வமைப்பில் முடிவுகள் கருத்தொருமையால் எடுக்கப்படுகின்றன. உறுப்பினர் ஒருவர் மறுத்தாலும் அம்மறுப்புக்கு மதிப்பு உண்டு. ஒருவர் ஆணையிட்டுச் செய்வதைவிட இஃது காலம் கொள்ளும் முறைதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆணையால் விரைந்து எடுத்த முடிவைச் செயற்படுத்தும்போது, மனம் ஒப்பாதவர் பின்வாங்குவர். முணுமுணுப்பும் தாமதமும் தோன்றும். எல்லாரும் இசைந்து எடுத்த முடிவு பிறப்பதற்குக் காலம் ஆகும். பிறந்த பின்னர்த் தடையின்றி நடக்கும். முன்னே செலவிட்ட காலம் பின்னே மிச்சமாகின்றது.

இம்முறை மகளிர்க்கும் அப்பளத் தொழிலுக்கும் மட்டுமே பொருந்துவது அன்று. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு தொழிலில் இத்தகைய முயற்சி நடந்தது. காப்பி வாரியம் நாட்டின் பல நகரங்களில் காப்பி விடுதிகளை நடத்திவந்தது. அவற்றை மூடுவதென வாரியம் முடிவுசெய்தபோது ஊழியர் பலர் வேலை இழக்கும் நிலை வந்தது. பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ. கே. கோபாலனின் ஊக்குரையால் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1957ஆம் ஆண்டில் பெங்களூரில் முதற் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே தில்லியிலும் ஊழியர் விடுதி திறக்கப்பட்டது. நேற்றுவரை பிறர் ஏவலுக்குக் காப்பி பரிமாறியவர்கள், தாமே விடுதியின் உரிமையாளர் ஆயினர். இவ்விரு முயற்சிகளும் வெவ்வேறு சூழலில் பிறந்தவை; ஆயினும் அவை உணர்த்தும் உண்மை ஒன்றே.

பயனும் படிப்பினையும்

எழுவர் தொடங்கிய அப்பளத் தொழிலில் 2021ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 45,000 பெண்கள் உறுப்பினராக இருந்தனர். 80-க்கு மேற்பட்ட கிளைகள் இயங்கின. அவ்வாண்டில் ஜஸ்வந்திபென் போபட்டுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எழுவருள் ஒருவருக்குக் கிடைத்த அவ்விருது, பெயர் அறியப்படாத பல்லாயிரம் பெண்களின் உழைப்பிற்கும் உரிய சிறப்பாகும்.

எண்களினும் பெரிய பயன் ஒன்று உண்டு. தம் கையால் பணம் ஈட்டியறியாத பெண்கள் தம் உழைப்பின் ஊதியத்தைத் தாமே பெற்றனர். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் பிறர் கையை எதிர்பாராத நிலை எய்தினர். கூட்டத்தில் எழுந்து பேசவும், கணக்கைக் கேட்கவும், பொறுப்பை ஏற்கவும் பழகினர். அடுக்களையில் அடங்கியிருந்த அறிவு நிறுவனத்தை நடத்தும் அறிவாக மலர்ந்தது.

'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்பது நம் முன்னோர் மொழி. கூடுதல் என்பது ஓரிடத்தில் நெருங்கி நிற்பது மட்டும் அன்று. ஒருவர் திறத்தை மற்றவர் மதித்தலும், ஊதியத்தையும் இழப்பையும் ஒப்பப் பகிர்தலும், ஒழுங்கிற்கு எல்லாரும் கட்டுப்படுதலும் சேர்ந்ததே உண்மையான கூட்டு. வகுப்பறையிலோ, விளையாட்டுக் களத்திலோ, நாளை பணிபுரியப்போகும் அலுவலகத்திலோ தலைமை வேண்டும் என்று விரும்பும் இளைஞர் முதலில் பொறுப்பை விரும்புதல் வேண்டும். பொறுப்பை ஏற்பவர் எவரோ அவரிடம் தலைமை தானே வந்து சேரும். பொறுப்பை எல்லாரும் ஏற்கும் இடத்தில் தலைமையும் எல்லாருக்கும் உரியதாகும்.